மரத்தூசியை இழுக்கும் இயந்திரம்

கர்நாடகத்தில் சென்னப்பட்டணம் என்ற ஊர் இருக்கிறது. பெங்களூரிலிருந்து மைசூர் போகும் சாலையில் சுமார் 60 கிலோமீட்டர் தூரம். மரப் பொம்மைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். பொம்மை செய்யும் மரத்தை அங்கே ஆலெ மரம் என்கிறார்கள். தமிழில் அதற்கு வெட்பாலை என்று பெயர். வெள்ளையான மரம். கடைவதற்கு மெதுவாக இருக்கும்.

இந்த வேலை பல வீடுகளில் நடக்கிறது. முன்பு கையால் சுழற்றிக் கடைந்தார்கள். பிறகு மோட்டார் வந்தது. வேலை கூடியது. தூசியும் கூடியது.

அப்படிப்பட்ட ஒரு வீட்டை நினைத்துக் கொள்ளுங்கள். முன்னறையில் ஒரு கடைசல் இயந்திரம். மூலையில் ஒரு சிறிய வட்ட ரம்பம். கணவர் மரம் அறுத்துக் கடைகிறார். மனைவி உப்புத்தாள் தேய்க்கிறார். அரக்கு ஏற்றுகிறார். தாழை ஓலையால் மெருகு போடுகிறார். இரவில் அதே அறையில் பாய் விரித்துக் குழந்தைகள் தூங்குகிறார்கள்.

அந்த அறையில் இரண்டு வகைத் தூசி இருக்கிறது. சீவலும் மரத்தூளும் கண்ணுக்குத் தெரியும். பெருக்கினால் போய்விடும். இன்னொன்று நுண்தூசி. உப்புத்தாள் தேய்க்கும்போது இதுதான் அதிகம் வரும். வெயில் கீற்று விழுந்தால்தான் கண்ணுக்குத் தெரியும்.

ஒரு மில்லிமீட்டரை 1000 பங்கு போட்டால் ஒரு பங்குக்கு மைக்ரான் என்று பெயர். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். 10 மைக்ரானுக்கும் சிறிய தூசி மூச்சோடு நெஞ்சுக்குள் போகும். அதிலும் மிக நுண்ணிய தூசி, வேலை முடிந்த பிறகும் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். அதைக் குழந்தைகளும் சுவாசிக்கிறார்கள்.

மூக்கடைப்பு, இருமல், இளைப்பு ஆகியவை இதனால் வரலாம். 1995-ல் உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு ஒரு செய்தியை வெளியிட்டது. மரத்தூசி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பதே அது. முக்கியமாக மூக்கின் உட்பகுதியில் வரும்.

ஆகவே தூசி இழுக்கும் இயந்திரம் வாங்கப் போனால், "தரை சுத்தமாகுமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "நுண்தூசி எங்கே போகும்?" என்று கேளுங்கள்.

கடையில் இரண்டு வகை காட்டுவார்கள். ஒன்று வேக்குவம் கிளீனர். இதன் குழாய் ஒல்லியாக இருக்கும். பலமாக உறிஞ்சும். ஆனால் இழுக்கும் காற்று குறைவு. கையில் பிடித்துத் தேய்க்கும் சாண்டர் இயந்திரத்துக்கு இது பொருத்தம். மற்றது டஸ்ட் கலெக்டர். இதன் குழாய் தடிமனானது. நிறையக் காற்றை இழுக்கும். வட்ட ரம்பத்துக்கும் கடைசலுக்கும் இதுதான் வேண்டும்.

இயந்திரத்தின் மேல் ஒரு தகடு இருக்கும். அதில் சி.எஃப்.எம். என்று போட்டு ஓர் எண் இருக்கும். நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்றை இழுக்கும் என்பதே அந்த எண். எழுத்து ஆங்கிலத்தில் இருந்தால் என்ன? எண்ணை நீங்களே படிக்கலாம். வேக்குவம் கிளீனரில் அது 100, 150 என்று இருக்கும். ஒரு வட்ட ரம்பத்துக்கு 350 முதல் 400 வரை தேவை.

தகட்டில் 400 இருந்தால் போதுமா? போதாது. குழாய் மாட்டாமல், பை புதிதாக இருக்கும்போது அளந்த கணக்கு அது. வீட்டில் குழாய் நீளும், வளையும். பையில் தூசி அடையும். இழுப்பு பாதியாகக்கூடக் குறையும். 400 வேண்டுமென்றால் தகட்டில் 800 இருக்கட்டும்.

குழாயில் சிக்கனம் பார்ப்பவர்கள் பலர். 4 அங்குலக் குழாய்க்குப் பதில் 2 அங்குலக் குழாய் போட்டால் வழி பாதிதானே குறையும் என்று நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அகலம் பாதி, உயரமும் பாதி. ஆக, வழி கால் பங்குதான். நல்ல இயந்திரம் வாங்கி அதன் கழுத்தை நெரித்தது போல ஆகும்.

அடுத்தது பை. "இந்தப் பை எத்தனை மைக்ரான்?" என்று கேளுங்கள். 30 மைக்ரான் பை என்றால், பெரிய தூள் உள்ளே தங்கும். நுண்தூசி துணி வழியே அறைக்குள் திரும்பி வரும். இப்படிப்பட்ட இயந்திரம் இருப்பதைவிட இல்லாததே நல்லது. தரை பளிச்சென்று இருப்பதைப் பார்த்து, காற்றும் சுத்தம் என்று ஏமாந்து விடுவோம். 1 மைக்ரான் பை கேளுங்கள். விலை கூடத்தான் செய்யும்.

செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு. இயந்திரத்தை அறைக்கு வெளியே, பின்பக்கத் தாழ்வாரத்தில் வையுங்கள். சுவரில் துளையிட்டுக் குழாயை மட்டும் உள்ளே விடுங்கள். பையில் கசியும் தூசி வீட்டுக்குள் வராது. இரைச்சலும் குறையும். ஆனால் அக்கம்பக்கத்து வாசலைப் பார்த்து வைக்காதீர்கள். அறையில் ஒரு சன்னலையும் திறந்து வையுங்கள். வெளிக்காற்று உள்ளே வந்தால்தான் உள்காற்று வெளியே போகும். சன்னலை மூடினால் சமையலறைப் புகையை முன்னறைக்கு இழுத்து விடும்.

குழாயின் வாய் எங்கே இருக்க வேண்டும்? தூசி கிளம்பும் இடத்தில். உப்புத்தாள் தேய்க்கும் பொம்மைக்குப் பின்னால், ஒரு சாண் தூரத்துக்குள். தள்ளிப் போகப் போக இழுப்பு வேகமாகக் குறையும். உளியால் கடையும்போது சுருள் நாலா பக்கமும் பறக்கும். அதை எந்த இயந்திரமும் முழுதாகப் பிடிக்காது. அதற்கு விளக்குமாறு போதும். தண்ணீர் தெளித்துப் பெருக்குங்கள்.

இயந்திரம் ஓடினாலும் மூக்குக்கு என்-95 முகக்கவசம் கட்டுவது நல்லது. கைக்குட்டை நுண்தூசியைத் தடுக்காது.

ஒன்றரைக் குதிரைத் திறன் மோட்டார் சுமார் 1100 வாட் வேலை செய்யும். மின்சாரம் அதைவிடக் கூடுதலாக எடுக்கும். கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும். விளக்குக்குப் போட்ட சிறிய பிளக்கில் சொருகினால் ஒயர் சூடாகும். 16 ஆம்பியர் பிளக், தனி ஒயர், எர்த் மூன்றும் வேண்டும். மின் வேலை தெரிந்தவரைக் கொண்டு போடச் சொல்லுங்கள்.

மரத்தூசி நெருப்புக்கு நெருங்கிய சொந்தம். பைக்குப் பக்கத்தில் பீடி பற்ற வைக்கக் கூடாது. உளி தீட்டும் சாணைக்கல்லின் பொறி அந்தக் குழாய்க்குள் போகக் கூடாது. ஒரு பொறி பைக்குள் கனன்று, வேலை முடிந்து எல்லோரும் தூங்கிய பிறகு தீப்பிடிக்கலாம். அதனால் தினமும் மாலையில் பையைக் காலி செய்யுங்கள். வாசலுக்கு வெளியே, காற்று உங்கள் முதுகிலிருந்து அடிக்கும்படி நின்று, முகக்கவசத்தோடு கொட்டுங்கள். குழந்தைகள் அப்போது பக்கத்தில் இருக்க வேண்டாம்.