எண்ணெய்த் தொட்டியைக் கழுவும் பாக்டீரியா

கேள்வி: கச்சா எண்ணெய்த் தொழிலில் பாக்டீரியா தயாரிக்கும் சோப்பைப் பயன்படுத்துகிறார்களாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். பயோசர்ஃபாக்டன்ட் என்பார்கள். சோப்பைப் போலவே இதன் மூலக்கூறில் ஒரு முனை நீரையும் மறுமுனை எண்ணெயையும் நாடும். பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியா சுரக்கும் சர்ஃபாக்டின், நீரின் பரப்பு இழுவிசையை 72-லிருந்து சுமார் 27 மில்லிநியூட்டன்/மீட்டராகக் குறைத்துவிடும்.

நிலத்தடிப் பாறையின் நுண்துளைகளில் சிக்கிய எண்ணெயை விடுவிக்க பயோசர்ஃபாக்டன்ட்டை உள்ளே செலுத்துகிறார்கள். மொலாசஸை ஊட்டமாக அனுப்பி, பாக்டீரியாவை அங்கேயே வளரவைப்பதும் உண்டு. ஆனால் ஆழத்து வெப்பமும் உப்பும் எல்லா நுண்ணுயிருக்கும் ஒத்துவராது. பலன் எண்ணெய் வயலுக்கு எண்ணெய் வயல் மாறும்.

என் பார்வையில் இதன் மிகச் சிறந்த பயன், சேமிப்புத் தொட்டிகளைச் சுத்தம் செய்வதுதான். தொட்டியின் அடியில் தங்கும் கெட்டிக் கசடை அள்ள, நச்சு வாயுவுக்கு நடுவே ஆட்கள் இறங்கவேண்டியிருந்தது. குவைத்தில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 1991-இல் வெளியானது. பயோசர்ஃபாக்டன்ட் கலந்த 2 டன் பாக்டீரியா வளர்ப்புத் திரவத்தைப் பயன்படுத்தி 850 கனமீட்டர் கசடை இளக்கினார்கள். அதில் 774 கனமீட்டர், விற்கத்தக்க கச்சா எண்ணெயாகத் திரும்பக் கிடைத்தது! கையால் அகற்ற மிஞ்சியது 76 கனமீட்டர் மட்டுமே.

பயோசர்ஃபாக்டன்ட்கள் எளிதில் மக்கும். பெரும்பாலும் நச்சுத்தன்மை குறைவு. தயாரிப்புச் செலவுதான் தடை. அதனால் விலை மலிவான செயற்கை ரசாயனங்களே இன்றும் இத்துறையில் அதிகம் பயன்படுகின்றன.