பூச்சுமருந்தும் போகாத பருவும்

உடம்பிற்கு வரும் பிணிகளுள் உயிரை வருத்துவன சில. உள்ளத்தை வருத்துவன சில. முகப்பரு உள்ளத்தை வருத்தும் இனத்தைச் சேர்ந்தது. அதனால் உயிர் நீத்தார் இலர். ஆயினும் அதனை முகத்திற் கொண்டு கண்ணாடி முன் நின்று கலங்காத இளைஞரைக் காண்டல் அரிது. 12 முதல் 24 வயது வரையுள்ளாருள் 100-க்கு 85 பேர் சிறிதளவேனும் இதற்கு ஆட்படுகின்றனர் என மருத்துவ நூலார் கூறுவர். ஆகவே இம்மலரைப் படிக்கும் மாணவருள்ளும் பெரும்பாலார் இதன் வரவை அறிந்தோரே. அவருள் மருந்து பூசத் தொடங்கி, ‘பூசியும் போகவில்லையே’ என்று மனமுடைந்து நிற்பார்க்குப் பயன்படும் என்னும் கருத்தால் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். யாம் மருத்துவம் பயில்வோர் அல்லேம், தமிழ் பயில்வோர். எனினும் எம் முகத்திற்கு யாமே செய்துகொண்ட பிழையொன்றும், அதனைத் திருத்திய மருத்துவர் அறிவுரையும் எம்மை இதுபற்றிப் படிக்கத் தூண்டின.

பருவின் பிறப்பு

பரு என்னும் சொல்லைப் பருத்தல், பருமை என்பவற்றோடு ஒருங்கு வைத்து நோக்குக. தோல் பருத்து எழுதலின் பரு எனப்பட்டது என்பது பொருத்தமாகத் தோன்றுகிறது. எங்கள் ஊரார் இதனை ‘உடற்சூடு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவர். உண்மை அதனினும் சற்று விரிவானது.

நம் முகத்தோலில் உள்ள மயிர்க்கால்களை அடுத்து நெய் சுரக்கும் சிறு பைகள் உள்ளன. குழந்தைப் பருவத்தில் இவை பெரிதும் அடங்கியிருக்கும். இளமை எய்துங்கால் உடலினுள் ஊறும் ஆண்ட்ரோசன் என்னும் ஹார்மோன்கள் இவற்றை மிகுதியாகச் சுரக்கச் செய்கின்றன. இவ்ஹார்மோன்கள் ஆடவர், மகளிர் இருபாலார்க்கும் உண்டு. அப்போது மயிர்க்காலின் வாயிலில் உதிர வேண்டிய தோலணுக்கள் உதிராது ஒட்டிக்கொண்டு அடைப்பாகின்றன. அடைப்பின் வாய் மூடியிருப்பின் வெண்புள்ளி, திறந்திருப்பின் கரும்புள்ளி. அக்கருமை அழுக்கன்று, ஆதலால் தேய்த்துக் கழுவினால் போகாது. அடைப்பினுள் தேங்கிய நெய்யில், இயல்பாகவே தோலில் வாழும் நுண்ணுயிர் பெருகுகிறது. உடல் அதனை எதிர்க்கச் சிவப்பும் வீக்கமும் சீழும் தோன்றுகின்றன. எனவே மிகுநெய், அடைப்பு, நுண்ணுயிர், அழற்சி என்னும் நான்கும் கூடியதே பரு என்க.

இங்கு நினைவில் இருத்தத்தக்கது ஒன்றுண்டு. கண்ணுக்குப் புலனாகாத முதல் அடைப்பு வெளிப்படையான பருவாக வளரப் பல வாரங்கள் செல்லும். இன்று கன்னத்தில் எழும் பரு நேற்று உண்ட மாம்பழத்தால் வந்ததன்று. அது முந்திய திங்களிலேயே விதைக்கப்பட்டது.

மருந்தின் தொழில்

பருவிற்குப் பூசும் மருந்துகளுள் தலையாயவை ரெட்டினாயிடு என்னும் இனத்தவை. இவை வைட்டமின் ஏ-யின் வழிவந்தவை. மயிர்க்கால் வாயில் அடைபடாதவாறு காப்பவை. டிரெட்டினாயின் பருவிற்கு உதவுதலை அமெரிக்க நாட்டு அறிஞர் ஆல்பர்ட் கிளிக்மனும் அவர்தம் துணைவரும் 1969-இல் எழுதி வெளியிட்டனர். 1971-இல் அந்நாட்டு அரசு அதற்கு இசைவு தந்தது. தோலுக்கு அதனினும் மென்மையான அடாபலீன் 1996-இல் அங்கு இசைவு பெற்றது. மற்றொன்று பென்சாயில் பெராக்சைடு. இது நுண்ணுயிரைக் கொல்லும். கிளிண்டாமைசின் முதலிய பூச்சுக்களும் நுண்ணுயிரை அடக்குவன. ஆயினும் அவற்றைத் தனியே நெடுநாள் பூசினால் நுண்ணுயிர் அவற்றிற்கு அஞ்சாதொழியும். ஆதலின் மருத்துவர் அவற்றைப் பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்தே தருவர்.

இம்மருந்துகளுள் எதுவும் எழுந்த பருவை ஓரிரவில் அமிழ்த்துவதற்கு ஏற்பட்டதன்று. எழவிருக்கும் பருவைத் தடுத்தலே இவற்றின் முதன்மைத் தொழில். இதனை உணராமையே நம் துன்பத்திற் பாதி.

மருந்திருந்தும் பரு நிற்பது ஏன்?

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில், பிணியுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து அம்மருந்தைக் கொடுப்பவன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். முகப்பருவில் ஒரு புதுமை காண்க: இங்கே பிணியுற்றவனே மருந்து கொடுப்பவனும் ஆகிறான். இரவில் தன் கையாலேயே தன் முகத்திற்குப் பூசிக்கொள்கிறான். ஆதலின் மருந்து பயன்படவில்லை என்று கூறுமுன், கொடுப்பவன் தன் கடமையைச் செவ்வனே செய்தானா என்று வினவுதல் தகும்.

முதலாவது, காலம். ரெட்டினாயிடு மருந்தின் பயனை மதிப்பிட 12 வாரமேனும் வேண்டும். தொடக்க வாரங்களில் பரு மிகுதல் சிலருக்கு உண்டு. அது பெரும்பாலும் தானே தணியும்.

இரண்டாவது, இடம். பலர் எழுந்த பருவின் தலையில் மட்டும் பொட்டிடுவதுபோல் இடுகின்றனர். பரு தோன்றும் பரப்பு முழுவதும் மெல்லெனப் பூசினாலன்றி, தோன்றவிருப்பனவற்றைத் தடுத்தல் இயலாது.

மூன்றாவது, அளவு. முகம் முழுமைக்கும் ஒரு பட்டாணி அளவே போதும். மிகப் பூசினால் விரைவில் தீரும் என்பது மயக்கம். தோல் எரிந்து உரிந்து சிவக்கும், அச்சிவப்பைக் கண்டு பரு மிகுந்தது என்று அஞ்சுவோம். பென்சாயில் பெராக்சைடிலும் 2.5 விழுக்காட்டு மருந்து, 10 விழுக்காட்டு மருந்திற்குப் பெரிதும் ஈடாகப் பயன்தந்து, எரிச்சலைக் குறைவாகவே தருகிறது.

நான்காவது, கூட்டு. ஒருபுறம் மருந்து பூசிக்கொண்டே மறுபுறம் எலுமிச்சைச் சாறும் பற்பசையும் தடவுவார் உளர். இவை தோலைப் புண்படுத்துவன. தலையில் வழிய வழிய எண்ணெய் இடுதலும் நெற்றிப் பருவிற்கு ஏதுவாகும். தலைப்பூச்சால் நெற்றியில் எழும் பருவைப் பற்றி 1970-லேயே மருத்துவர் ஆராய்ந்து எழுதியுள்ளனர்.

ஐந்தாவது, பருவல்லாத பரு. நெற்றியிலும் மார்பிலும் ஒரே அளவினவாய், அரிப்போடு எழும் சிறு கொப்புளங்கள் ஒருவகைப் பூஞ்சையால் வருவன ஆகலாம். அவற்றிற்கு மருந்து வேறு. மகளிர்க்கு மாதவிலக்கு ஒழுங்கின்றித் தாடையோரம் பரு நீங்காது நிற்பின், அதன் வேர் உள்ளே ஹார்மோனில் இருத்தல் கூடும். இவை மருத்துவர் கண்டு கூறவேண்டுவன.

எம் பிழை

விருதுநகரிலிருந்து மானாமதுரைக்குச் செல்லும் இருப்புப்பாதையில் அருப்புக்கோட்டை, திருச்சுழி கடந்து வருவது எம் ஊராகிய நரிக்குடி. வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் களிப்பும், நிறையாவிடில் கவலையுமாக வாழும் நாடு. அங்கே பல கிணறுகளில் ஊறுவது உப்புநீர். அந்நீரில் சோப்பு எளிதில் நுரையாது. நுரைக்கவில்லையே என்று யாம் நாளைக்கு ஐந்து முறை முகத்தைத் தேய்ப்போம். “தேய்த்துத் தேய்த்துத் தோலையே கழற்றிவிடுவாய் போலிருக்கிறதே” என்று எம் அப்பத்தா கடிந்ததுண்டு. அவர் கூற்று மருத்துவ நூலுக்கு மாறானதன்று என்பதைப் பின்னரே அறிந்தோம்.

கல்லூரியிற் சேர்ந்த ஆண்டில் தோல் மருத்துவர் ஒருவர் எமக்கு அடாபலீன் எழுதித் தந்து, மூன்று திங்கள் பொறுக்குமாறு கூறினார். நான்காம் வாரத்தில் முகம் முன்னினும் மோசமாயிற்று. அடுத்த திங்களில் எம் அத்தை மகளின் திருமணம். உறவினர் முன் இம்முகத்தோடு நிற்பதெங்ஙனம் என்று நாணி, மருந்தை நிறுத்தினோம். மருந்துக்கடை ஒன்றில் ‘முகத்திற்கு நல்லதாக ஏதேனும் கொடுங்கள்’ என்று கேட்டு, சீட்டு ஏதுமின்றி ஒரு டியூப் வாங்கினோம். ஐந்தே நாளிற் சிவப்பு அடங்கிற்று. முகம் வெளுத்துப் பொலிந்தது. திருமணத்திற் கண்டோரெல்லாம் வியந்தனர். யாமும் எமது அறிவை வியந்து இரண்டு திங்கள் விடாது பூசினோம். பின் டியூப் தீர்ந்து, நான்கு நாள் பூசாதிருந்தபோது கன்னமெல்லாம் கனன்றது. வெயிலில் கால்வைத்தால் எரிந்தது. ஒரே அச்சில் வார்த்தாற்போல் சிவந்த பருக்கள் திரளாக எழுந்தன. வகுப்பிற்குச் செல்லவும் நாணி ஒரு வாரம் விடுதியிற் கிடந்தோம்.

மீண்டும் அம்மருத்துவரிடமே சென்றோம். அவர் வெறும் டியூபை வாங்கிப் பொடியெழுத்தைப் படித்து, அதில் இருப்பது பீட்டாமெதாசோன் என்னும் ஸ்டீராய்டு என்றார். ஸ்டீராய்டு அழற்சியை அடக்குமேயன்றிப் பருவின் வேரைத் தொடாது. நெடுநாள் பூசின் தோல் மெலியும்; குருதிக் குழல்கள் சிவந்து தோன்றும்; நிறுத்தியவுடன் பரு பன்மடங்காக எழும். எழுந்ததைக் கண்டு அஞ்சி அதனையே மீண்டும் பூசுவோம். இவ்வாறு அது நம்மைத் தனக்கு அடிமையாக்கும்.

இஃது எம் ஒருவர்க்கே நேர்ந்ததன்று. இந்தியாவின் 12 மருத்துவ நிலையங்களில் முகத்தோல் நோயோடு வந்த 2,926 பேரை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உளது. அவருள் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிவந்தோர். அவர்களில் 104 பேர் பருவிற்கெனவே பூசினர். மருத்துவர் அல்லாதார் சொற்கேட்டுப் பூசியவர் 257 பேர். பூசியவருள் 100-க்கு 90 பேர்க்குத் தீங்கு விளைந்தது; அத்தீங்குகளுள் மிகுதியாகக் காணப்பட்டது பரு தோன்றுதலும் இருந்த பரு முற்றுதலுமே. பருவை நீக்கப் பூசியதே பருவை வளர்த்தது! 2018-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இந்திய அரசு, பூசும் ஸ்டீராய்டு மருந்துகள் பதினான்கினைச் சீட்டின்றி விற்றலாகாது என விதித்தது. விதி உண்டு; அதனைக் காக்கும் விழிப்பு வாங்குவோரிடத்தும் வேண்டும்.

செய்யத்தக்கன

டியூபின் மேல் பீட்டாமெதாசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன், புளூசினோலோன் என்னும் பெயர்களுள் ஒன்று இருப்பின் அது ஸ்டீராய்டு என்று அறிக. அதனைப் பருவிற்கெனத் தாமே வாங்கிப் பூசற்க. நெடுநாள் பூசியவர் தாமே திடீரென நிறுத்தாது மருத்துவரை அடைக.

முகத்தை நாளைக்கு இருமுறை மென்மையாகக் கழுவுதல் போதும். இரவில் முகம் நன்கு உலர்ந்தபின் ரெட்டினாயிடு பூசுக. தொடக்கத்தில் ஒன்றுவிட்டொரு நாள் பூசி, தோல் பழகியபின் நாள்தோறும் பூசலாம். வறட்சி தோன்றின் எண்ணெய்ப்பிசுக்கற்ற ஈரக்களிம்பு இடுக. இம்மருந்து பூசியவர்க்கு வெயில் எளிதில் உறைக்கும். எம் நாட்டு வெயிலைச் சொல்லவும் வேண்டுமோ? குடையும் வெயில்தடுப்புக் களிம்பும் கொள்க. பென்சாயில் பெராக்சைடு துணியின் சாயத்தை வெளுக்கும். தலையணைக்கு வெள்ளை உறை இடுக. பருவைக் கிள்ளற்க, கிள்ளிய இடத்தில் நம் போன்ற மாநிறத்தார்க்குக் கருவடு பல திங்கள் நிற்கும். கருவுற்ற மகளிர் ரெட்டினாயிடு பூசுதல் ஆகாது. 12 வாரம் ஒழுங்காகப் பூசியும் குறையாவிடினும், பரு கட்டியாய்த் திரண்டு குழிவடு விழினும் காலந் தாழ்த்தாது மருத்துவரைக் காண்க. அத்தகையோர்க்கு ஐசோட்ரெட்டினாயின் முதலிய உண்ணும் மருந்துகள் உள. அவை மருத்துவர் மேற்பார்வையிலன்றி உண்ணத்தக்கன அல்ல.

முடிவுரை

எமது பிழை யாதெனின், பிணியுற்றவராகவும் மருந்து கொடுப்பவராகவும் இருந்த யாம், தீர்ப்பவரின் இருக்கையிலும் ஏறி அமர்ந்ததேயாம். முதலில் எமக்குத் தரப்பட்ட மருந்து தவறியதில்லை; யாமே அதற்குக் காலம் தர மறுத்தோம். ஸ்டீராய்டைப் படிப்படியாக விட்டு, தோல் ஆறியபின் அதே அடாபலீனைப் பூசி முகம் தெளிய எட்டுத் திங்கள் ஆயின. இடக்கன்னத்தில் இரண்டு கருவடுக்கள் இன்னும் உள.

ஐப்பசி மழைக்கு விதைத்த எம் ஊர் உழவர், நான்காம் நாள் முளை காணவில்லையே என்று மண்ணைக் கிளறி விதையை வெளியே எடுப்பதில்லை. குதிரைவாலியோ மல்லியோ, அதற்குரிய நாள் செல்லட்டும் என்று களையெடுத்துக் காத்திருப்பர். அவர் வழிவந்த யாம் அப்பொறுமையை ஒரு சிறு டியூபின் முன் இழந்தோம். நண்பர்களே, உங்கள் மருந்து உங்களைக் கைவிட்டதென எண்ணுமுன், பூசத் தொடங்கிய நாளை ஒரு தாளில் எழுதி, பன்னிரண்டு வாரத்தை எண்ணிப் பாருங்கள். எம்மைப்போல் நான்காம் வாரத்திலேயே நிலத்தைக் கிளறாதீர்கள்.