பாடசாலை அனுமதியும் நம் வீட்டுப் பத்திரங்களும்

முதலாம் தரத்தில் ஒரு பிள்ளையைச் சேர்க்கும் வேலை எப்போது தொடங்குகிறது? கல்வி அமைச்சின் சுற்றுநிருபம் வெளியாகி, மாதிரி விண்ணப்பப் படிவம் பத்திரிகையில் வரும்போது என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் அந்தச் சுற்றுநிருபம் கேட்கும் ஆவணங்களின் திகதிகளைப் பின்னோக்கி எண்ணிப் பார்த்தால் வேறு விடை கிடைக்கிறது. அது பிள்ளை பிறக்கும் முன்பே தொடங்கியிருக்க வேண்டிய வேலை.

2026 ஆம் ஆண்டின் முதலாம் தரத்தை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு ஜனவரி 31 அன்று பிள்ளைக்கு ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். அதாவது 2021 ஜனவரி 31 அன்றோ அதற்கு முன்போ பிறந்த பிள்ளை. விண்ணப்பம் கோரப்படுவது முந்திய ஆண்டான 2025 இல். பாடசாலைக்கு அருகில் வசிப்பவர் என்ற பிரிவில் விண்ணப்பிப்பவர், அதற்கு முந்திய ஐந்து ஆண்டுகளின் வாக்காளர் இடாப்பில் தம் பெயர் இருப்பதைக் காட்ட வேண்டும். 2020 இலிருந்து 2024 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2021 ஜனவரியில் பிறந்த ஒரு பிள்ளைக்காக எண்ணப்படும் முதலாவது இடாப்பு தயாரான ஆண்டில், அந்தப் பிள்ளை உம்மாவின் வயிற்றில் இருந்தது.

அருகில் வசிப்போர் பிரிவு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், முதலாம் தர இடங்களில் பாதி அதற்கே உரியது. 50 வீதம் அருகில் வசிப்போரின் பிள்ளைகளுக்கு, 25 வீதம் பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு, 15 வீதம் அப்பாடசாலையில் ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளின் சகோதரர்களுக்கு. மீதியில் 5 வீதம் கல்வித்துறை ஊழியரின் பிள்ளைகளுக்கும், 4 வீதம் இடமாற்றம் பெற்று வரும் உத்தியோகத்தரின் பிள்ளைகளுக்கும், 1 வீதம் வெளிநாட்டிலிருந்து குடும்பத்தோடு திரும்பியவர்களின் பிள்ளைகளுக்கும் போகின்றன. பல ஆண்டுகளாக நடைமுறையில் இருந்துவரும் பங்கீடு இது. புள்ளி வழங்கும் முறையில் அவ்வப்போது திருத்தங்கள் வருவதுண்டு. ஆகவே அந்தந்த ஆண்டுச் சுற்றுநிருபத்தையே வாசிக்க வேண்டும், பக்கத்து வீட்டார் போன வருடம் சொன்னதை அல்ல.

இனி நமது ஊர்களுக்கு வருவோம். மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை கரையோர முஸ்லிம் ஊர்களில் கலியாணம் முடித்த ஆண் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பதே வழக்கம். வீடு பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கப்படுகிறது. இலங்கையின் மற்றைய பகுதி மக்கள் வியந்து பார்க்கும் இந்த வழக்கம், பாடசாலை அனுமதி என்று வரும்போது இரண்டு முடிச்சுகளைப் போட்டுவிடுகிறது.

முதல் முடிச்சு வாக்காளர் இடாப்பு. மாப்பிள்ளை மனைவி வீட்டுக்கு வந்து நாலு வருடம் ஆகியிருக்கும். ஆனால் அவருடைய வாக்கு இன்னும் உம்மா வீட்டில், வேறொரு கிராம உத்தியோகத்தர் பிரிவில் கிடக்கும். கிராம உத்தியோகத்தர் கொடுக்கும் பி.சி. படிவத்தை அங்கே வயதான தகப்பனார் நிரப்பி, எல்லா ஆண்மக்களின் பெயரையும் பழையபடி எழுதிக் கொடுத்துவிடுவார். அதில் தவறான எண்ணம் எதுவும் இல்லை, மகன் மகன்தானே. ஆனால் ஒருவர் ஓரிடத்தில் மட்டுமே வாக்காளராகப் பதியப்படலாம். தாய், தந்தை இருவரின் பெயரும் பிள்ளை வசிக்கும் விலாசத்தில் இருந்தால்தான் முழுப் பயன். ஒரு வருடம் தவறினால் அந்த ஆண்டுக்குரிய புள்ளி போனதுதான், பின்னர் எந்தச் சத்தியக்கடதாசியாலும் அதை மீட்க முடியாது. கலியாணம் முடிந்த அதே வருடத்தில் செய்ய வேண்டிய மிகச் சிறிய வேலை இது. செலவும் கிடையாது.

இரண்டாவது முடிச்சு உறுதி. “வீடு மகளுக்குத்தான்” என்று ஊரறியச் சொல்லியிருப்பார்கள். உறுதியைப் பார்த்தால் வாப்பாவின் பெயரிலோ உம்மம்மாவின் பெயரிலோ இருக்கும். தங்கைமார் கலியாணம் முடியட்டும், எல்லாருக்கும் சேர்த்து எழுதுவோம் என்று தள்ளிப்போட்டிருப்பார்கள். விண்ணப்பதாரியின் அல்லது வாழ்க்கைத் துணையின் பெயரில் உள்ள உறுதிக்குக் கிடைக்கும் மதிப்பு வேறொருவர் பெயரில் உள்ளதற்குக் கிடைப்பதில்லை. எழுதி எத்தனை ஆண்டு என்பதும் பார்க்கப்படும். நேர்முகப் பரீட்சைக்கு முந்திய மாதம் நொத்தாரிசிடம் ஓடி எழுதும் உறுதியால் அதிக பயன் இல்லை என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

தூரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டுக்கும் விண்ணப்பிக்கும் பாடசாலைக்கும் இடையில் பிள்ளை சேரக்கூடிய வேறு அரச பாடசாலைகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி கழிக்கப்படும். கல்முனை, சாய்ந்தமருது போன்ற நெருக்கமான ஊர்களில் ஓர் ஒழுங்கையைக் கடப்பதற்குள் ஒரு பாடசாலை வந்துவிடுகிறது. எவ்வளவு பத்திரம் சேர்த்தாலும் சில வீடுகளுக்குச் சில பாடசாலைகள் கிடைக்காது. அதை முற்கூட்டியே தெரிந்துகொண்டால், அருகிலுள்ள பாடசாலையை மனமுவந்து தெரிவுசெய்யவாவது நேரம் இருக்கும்.

பத்திரங்களின் பெறுமதியை நமது கரையோரம் கற்றுக்கொண்ட நாள் 2004 டிசம்பர் 26. இலங்கையில் சுனாமியால் மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று கடலை ஒட்டிய வளவுகளில் வீடுகளோடு அலுமாரிகளும் ட்றங்குப் பெட்டிகளும் போயின. பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, காணி உறுதி, பரீட்சைப் பெறுபேறு எல்லாம் அவற்றுக்குள்ளேதான் இருந்தன. அடுத்த சில நாட்களில் புதிய பாடசாலை ஆண்டு பிறக்க இருந்தது, பாடசாலைகளோ அகதி முகாம்களாகியிருந்தன.

அந்த அழிவிலும் பிறப்புப் பத்திரங்களை மீண்டும் எடுக்க முடிந்ததற்குக் காரணம், பிறப்புப் பதிவின் பிரதிகள் ஒரே இடத்தில் வைக்கப்படுவதில்லை என்பதே. ஆனால் தேடுபவரிடம் பதிவு இலக்கமும் பதிந்த திகதியும் இருந்தால் வேலை ஒன்று, இல்லாவிட்டால் வேறொன்று. பதிவாளர் பிரிவே தெரியாதவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பத்திரத்தைப் பாதுகாப்பது ஒரு புறமிருக்க, அதிலுள்ள இலக்கத்தையும் திகதியையும் ஒரு கொப்பியில் எழுதி, வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டிலும் ஒரு பிரதியை வைப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். இப்போது கைத்தொலைபேசியில் படம் எடுத்தும் வைக்கலாம். தொலைபேசியும் வீட்டோடு போகும் பொருள்தான் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

காணாமற்போனவர்களின் பிள்ளைகளின் நிலை இதைவிடக் கடினமாக இருந்தது. உடல் கிடைக்காத ஒருவரின் மரணத்தைச் சாதாரண சட்டத்தின்படி பதிய நீண்ட காலம் காத்திருக்க வேண்டும். அதுவரை அந்தத் தகப்பன் பத்திரத்தில் உயிரோடு இருக்கிறார், வீட்டில் இல்லை. 2005 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்க சுனாமி (விசேட ஏற்பாடுகள்) சட்டம் வந்தே இந்த மரணப் பதிவுக்கும், பெற்றோரை இழந்த பிள்ளைகளின் பராமரிப்புக்கும் வழி திறந்தது. பிறகு கடலோரத்தில் 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்ற அறிவிப்பு வந்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டாலும், அதற்கிடையில் குடும்பங்கள் உள்ளே நகர்ந்தன, விலாசங்கள் மாறின. விலாசம் மாறியதும் வாக்காளர் இடாப்பின் தொடர்ச்சியும் அறுந்தது. வீட்டுத்திட்டங்களுக்குப் போனவர்களில் உறுதி கைக்கு வராதவர்கள் சுற்றுநிருபத்தின் கட்டங்களுக்குள் எதை எழுதுவது என்று திகைத்தார்கள்.

பத்திரம் இல்லாத பிள்ளைக்குப் பாடசாலையே இல்லை என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை. பிறப்பு பதியப்படாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்ற ஏற்பாடு நம் நாட்டில் இருக்கிறது. அயல்நாடான இந்தியாவில் 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், வயதுக்குச் சான்று இல்லை என்ற காரணத்துக்காக எந்தப் பிள்ளைக்கும் அனுமதி மறுக்கக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறது. இலங்கையில் ஐந்து வயது முதல் பதினாறு வரை கல்வி கட்டாயம். ஆகவே ஏதோ ஒரு பாடசாலை கிடைக்கும். விரும்பிய பாடசாலைக்குத்தான் பத்திரம் வேண்டும்.

பிறப்பை 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். மூன்று மாதம் கடந்தால் அது காலங்கடந்த பதிவாகிவிடும், வேலையும் கூடும். இதை நம்மவர் பெரும்பாலும் சரியாகவே செய்கிறார்கள். சறுக்குவது இன்னோர் இடத்தில். பெற்றோர் விவாகமானவர்களா என்று பிறப்பைப் பதியும்போது ஒரு கேள்வி வரும். முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின்படி, பதியவில்லை என்ற காரணத்தால் மட்டும் ஒரு நிக்காஹ் செல்லாததாகிவிடுவதில்லை. மார்க்கப்படி நிறைவேறியது நிறைவேறியதே. ஆனால் பதிவு இல்லாதபோது அந்தக் கேள்விக்கு ஆதாரம் காட்டத் தாய்தான் அலைகிறாள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றித்தான் அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் பேசுகிறது. கடனை எழுதச் சொல்லப்பட்ட சமூகம் கலியாணத்தை எழுதாமல் விடுவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

இப்போது நம் ஒவ்வொருவரின் கையிலும் உள்ள விடயம், பெயர். நமது பிரதேசத்தில் தகப்பன் பெயர் முன்னால் வரும். ஆதம்லெவ்வை என்ற ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்புப் பத்திரத்தில் ஆதம்லெவ்வை, பாடசாலை இடாப்பில் ஆதம்லெப்பை, அடையாள அட்டையில் இரண்டு சொல்லாகப் பிரிந்து ஆதம் லெப்பை. ஆங்கிலத்துக்குப் போனால் குறைந்தது நாலு விதமாக எழுதலாம். முகம்மது, முஹம்மத், மொஹமட் என்று இன்னொன்று. பாத்திமா, பாத்துமா என்று வேறொன்று. வீட்டில் எல்லாம் ஒரே ஆள். அலுவலக மேசையில் மூன்று ஆட்கள். சமாதான நீதவானிடம் போய் “இவ்விரு பெயரும் ஒருவரையே குறிக்கும்” என்று சத்தியக்கடதாசி முடிக்கலாம்தான். ஆனால் ஒவ்வோர் இடத்துக்கும் அதைக் காவிக்கொண்டு திரிய வேண்டும்.

இதைச் சரிசெய்யச் சிறந்த காலம் பத்தாம், பதினோராம் தரம். பதினைந்து வயதானதும் அதிபர் ஊடாகத் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கிறோம். க.பொ.த. சாதாரண தர விண்ணப்பமும் அதையொட்டியே வருகிறது. இந்த இரண்டிலும் எழுதும் எழுத்துத்தான் பிறகு உயர்தரப் பெறுபேறு, பல்கலைக்கழகப் பதிவு, கடவுச்சீட்டு என்று நம்மோடு நடக்கும். படிவத்தை வகுப்பாசிரியர் நிரப்பட்டும் என்று விட்டுவிடாமல், பிறப்புப் பத்திரத்தைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக நாமே ஒப்பிட வேண்டும். பிறப்புப் பத்திரத்திலேயே பிழை இருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் திருத்த விண்ணப்பிக்கலாம். அதற்கு மாதங்கள் எடுக்கும். ஆகவே ஒன்பதாம் தரத்திலேயே பத்திரத்தைக் கையில் எடுத்து வாசிப்பது நல்லது. தன் பிறப்புப் பத்திரத்தை ஒரு முறைகூட முழுதாக வாசிக்காத மாணவிகள் நம்மில் நிறைய இருக்கிறார்கள்.

பல்கலைக்கழக அனுமதியிலும் பத்திரம் பேசுகிறது. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. பின்தங்கியவை எனக் கொள்ளப்படும் 16 மாவட்டங்களில் அம்பாறையும் ஒன்று. மாணவியின் மாவட்டம் எதுவென்பதை உயர்தரத்துக்கு முந்திய ஆண்டுகளில் அவர் படித்த பாடசாலையைக் கொண்டே பார்க்கிறார்கள். இடையில் கொழும்புக்கோ கண்டிக்கோ போய்ப் படித்து வந்தவர்கள் ஒவ்வொரு பாடசாலையிலும் விடுகைப் பத்திரத்தை உரிய நாளில் எடுத்திருக்க வேண்டும். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் வந்த பிறகு தூரம் குறைந்திருக்கிறது, படிவம் குறையவில்லை. மஹாபொல புலமைப்பரிசிலுக்கு வேண்டிய குடும்ப வருமானச் சான்று கிராம உத்தியோகத்தரிடமிருந்தே தொடங்கும்.

கடைசியாக, அந்த 25 வீதத்துக்குத் திரும்புவோம். பழைய மாணவரின் பிள்ளை என்ற பிரிவில், தாய் அப்பாடசாலையில் எத்தனை ஆண்டு படித்தார், என்ன பெறுபேறு பெற்றார், விளையாட்டிலும் மன்றங்களிலும் என்ன செய்தார், பழைய மாணவிகள் சங்கத்தில் இருக்கிறாரா என்று பார்த்தே புள்ளி வழங்குகிறார்கள். ஆக, இன்று நாம் ஓடிய ஓட்டமும் பேசிய பேச்சும் மாணவத் தலைவியாகக் குத்திய பதக்கமும் பதினைந்து இருபது வருடம் கழித்து ஒரு சிறுமிக்குப் புள்ளியாகலாம். அதற்குச் சான்றிதழ் இருக்க வேண்டும். பரிசளிப்பு முடிந்த அன்றே அதை எடுத்துப் பாருங்கள்: பெயர் பிறப்புப் பத்திரத்தில் உள்ளபடி இருக்கிறதா, அதிபரின் ஒப்பமும் இறப்பர் முத்திரையும் இருக்கின்றனவா, ஆண்டு எழுதப்பட்டிருக்கிறதா. இல்ல விளையாட்டுப் போட்டிச் சான்றிதழ்கள் பலவற்றில் இடம் மட்டும் இருக்கும், ஆண்டு இருக்காது.