ஊசியில் நூல் கோக்கிற கண்

கேள்வி: ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் வேலை. 6 வருடமாகச் சர்க்கரை. பார்வை தெளிவாகத்தானே இருக்கிறது, விழித்திரைப் பரிசோதனை எதற்கு?

பதில்: ஊசியில் நூல் கோக்க முடிவதால் விழித்திரை நலமென்று ஆகிவிடாது. கூர்ந்து பார்ப்பது அதன் நடுவிலுள்ள மாக்குலா என்ற சிறு பகுதி. சர்க்கரையால் நுண்ரத்தக் குழாய்கள் கெடுவதோ பெரும்பாலும் அதற்கு வெளியே, வலியே இல்லாமல் தொடங்கும். கசிவு மாக்குலாவைத் தொட்ட பிறகுதான் தையல் கோடு நெளிந்து தெரியும். அப்போது லேசர் சிகிச்சை வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். லேசர் இருப்பதைக் காக்கும். போனதைப் பெரும்பாலும் மீட்காது. கண்ணுக்குள் போடும் ஊசி வீக்கத்தை வற்றவைத்துப் பார்வையைக் கூட்டலாம், ஆனால் பலமுறை போட வேண்டும். பரிசோதனைக்கு வந்தால் ஒருநாள் கூலி போகுமே என்ற கவலை நியாயமானது. ஊசிக்கு அலைவதில் போகும் கூலி அதைவிட அதிகம். வேலூரிலேயே சி.எம்.சி.யின் ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது. வருடம் ஒருமுறை விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பரிசோதனைக்கு விடும் சொட்டு மருந்தில் கண்மணி விரிந்து சில மணி நேரம் பார்வை மங்கும். அன்று மெஷினில் உட்காராதீர்கள்.