முன்கணிப்புச் சந்தையும் வினாக் கேட்கும் முறையும்

2025ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் எம் தங்கையின் பெயரன் காரைக்காலுக்கு வந்திருந்தான். பொறியியல் இரண்டாம் ஆண்டு பயில்பவன். பருவக் கட்டணத்திற்கென அவன் தந்தை கொடுத்த தொகையில் ஏறத்தாழப் பாதியை ஒரு கைப்பேசிச் செயலியில் கட்டி இழந்திருந்தான். செய்தி வெளிப்பட்டபோது அவன் கூறிய மறுமொழிதான் நம்மைச் சிந்திக்க வைத்தது. “இது சூதாட்டம் அன்று, பாட்டி. இது கருத்துச் சந்தை. உலகச் செய்திகளை நன்கு அறிந்தவர் வெல்வர், அறியாதவர் தோற்பர்” என்றான்.

சிராவகர்க்கு விலக்கப்பெற்ற ஏழு வியசனங்களுள் சூது முதலாவது என்பதை நம் இல்லங்களில் சிறுவரும் அறிவர். ஆயினும் ‘இது சூதே அன்று’ என்பானிடம் அவ்வரிசையை ஒப்பிப்பதால் பயன் என்ன? பொருள் தெரியாத வினாவிற்குச் சினத்தால் விடை கூறலாகாது என்பது ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நாம் கற்ற முதற்பாடம். ஆகவே அவனையே துணையாகக் கொண்டு, அவன் கைப்பேசியிலிருந்த செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் வினவி, இப்பொருளைப் பயிலத் தொடங்கினோம். அப்பயிற்சியில் கண்டவற்றை வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

முன்கணிப்புச் சந்தை என்பது யாது? ‘வரும் ஐப்பசி முதல் நாளன்று காரைக்காலில் மழை பெய்யுமா?’ என்பது வினா எனக் கொள்வோம். ‘ஆம்’ என்னும் சீட்டு 7 ரூபாய்; ‘இல்லை’ என்னும் சீட்டு 3 ரூபாய். மழை பெய்தால் முன்னவர்க்கு 10 ரூபாய். பெய்யாவிடில் பின்னவர்க்கு 10 ரூபாய். விலை 7 ஆக நிற்பதால், மழைக்கு 70 விழுக்காடு வாய்ப்புண்டு எனக் கூடியோர் கருதுகின்றனர் என்று பொருள் கொள்வர். இதுவரை குற்றமில்லை, அழகிய கணக்கே.

ஆனால் சந்தை நடத்துவோர் வெற்றித் தொகையில் 1 ரூபாய் பிடித்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். 7 கொடுத்தவர் வென்றால் 2 ரூபாய் மிகுதி. தோற்றால் 7 ரூபாய் நட்டம். அவர் கைப்பொருள் குறையாதிருக்க ஒன்பதில் ஏழு முறை, அதாவது நூற்றுக்கு 78 முறை வெல்ல வேண்டும். இருவரும் சேர்ந்து கொடுத்தது 10. இருவருள் ஒருவர் பெறுவது 9. இக்கணக்கைப் பெயரனையே கரும்பலகையில் போடச் செய்தோம். (நம் வீட்டுக் கூடத்தில் கரும்பலகை இன்றும் உண்டு.) போட்டு முடித்தபின் நெடுநேரம் அவன் ஒன்றும் பேசவில்லை.

இவ்வகைப் பந்தயம் புதியதன்று. 19ஆம் நூற்றாண்டில் கல்கத்தா படாபஜாரில், மாடி நீர்த்தாரையில் மழைநீர் வழிந்தோடுமா என்று வணிகர் பணம் கட்டினர். 1897இல் வங்காள அரசு சட்டத்தால் அதைத் தடுத்தது. பம்பாயில் நியூயார்க் பருத்தி விலையின் மீது கட்டிய பந்தயமே பின்னர் மட்கா ஆயிற்று. மறுபக்கமும் உண்டு. 1906இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரக் கண்காட்சியில் ஓர் எருதின் எடையை ஊகிக்கும் போட்டி நடந்தது. 787 சீட்டுகளை ஆராய்ந்த பிரான்சிஸ் கால்டன், அவற்றின் நடுமதிப்பு 1207 பவுண்டு என்றும் உண்மை எடை 1198 பவுண்டு என்றும் கண்டார். 1988இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் தேர்தல் முடிவை முன்னறியும் சந்தையை ஆய்வுக்கென நிறுவியது; ஒருவர் 500 டாலருக்கு மேல் இடலாகாது என்பது அதன் விதி. பலர் ஊகம் சேர்ந்தால் உண்மையை அணுகலாம் என்பது மெய்யே. அதை அறியப் பெயரனின் கல்விக் கட்டணம் வேண்டுவதில்லை.

இனி, கருவியிடம் நாம் கற்றதைக் கூறுவோம். முதல் நாள், “முன்கணிப்புச் சந்தையின் நன்மைகள் யாவை?” என்றோம். பத்து நன்மைகளை அழகிய தமிழில் அடுக்கியது. மறுநாள், “அதன் தீமைகள் யாவை?” என்றோம். அதே அழகுடன் பத்துத் தீமைகள்! வினாவில் நாம் ஒளித்து வைத்த விருப்பத்தையே விடையாகத் திருப்பித் தருகிறது என உணர்ந்தோம். வகுப்பில் ஆசிரியர் முகம் பார்த்து விடை சொல்லும் மாணவர் பலரை நாம் அறிவோம் அல்லவா? அக்கருவி சொற்களின் தொடர்ச்சியை ஊகித்து எழுதுவது. அறிந்து கூறுவதும் ஊகித்துக் கூறுவதும் அதனிடம் ஒரே குரலில் வெளிவரும்.

மூன்றாம் நாள் சட்டத்தைப் பற்றி வினவினோம். ‘தமிழ்நாடு இணையவழிச் சூதாட்டத் தடை மற்றும் இணையவழி விளையாட்டுகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2022’ காரைக்காலுக்கும் பொருந்தும் என்று தயக்கமின்றி விடை வந்தது. நமக்குச் சிரிப்பே வந்தது. 1954 நவம்பர் முதல் நாள் வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இவ்வூர் இன்று புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சார்ந்தது. வாஞ்சூரைக் கடந்தால்தான் தமிழ்நாடு. அங்கே செல்லும் சட்டம் இங்கே தானாகச் செல்லாது. பிழையைச் சுட்டியதும் கருவி மன்னிப்புக் கேட்டுத் திருத்திக்கொண்டது. அத்துடன் நில்லாமல், சோதிக்கும் எண்ணத்துடன், “இல்லை, முன்னர்க் கூறியதே சரி” என்று பொய்யாக வற்புறுத்தினோம். மீண்டும் மன்னிப்புக் கேட்டுப் பழைய பிழைக்கே சென்றது. பொய்யுரைத்து விட்டோமே என்று சற்று உறுத்தினாலும், அன்று கற்றது பெரிது.

சட்டத்தை அரசு வெளியீடுகளிலேயே சரிபார்த்தோம். 2025 ஏப்ரல் 29 அன்று செபி நிறுவனம், கருத்து வணிகத் தளங்கள் தன் ஒழுங்குமுறைக்குள் வாரா என்றும், அவற்றில் பணமிடுவோர்க்கு முதலீட்டாளர்க்குரிய பாதுகாப்பு இல்லை என்றும் எச்சரித்தது. அப்போது பெயரன் ஆடிக்கொண்டிருந்தான். செய்தி அவன் கண்ணில் படவில்லை. பின்னர் நாடாளுமன்றம் இயற்றிய இணையவழி விளையாட்டு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. திறமையோ தற்செயலோ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டத்தை நடத்துவோர்க்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை தண்டம் என அது விதிக்கிறது. ஆடியவரைத் தண்டிப்பது அதன் நோக்கம் அன்று. இந்தியா முழுமைக்குமான சட்டமாதலின் காரைக்காலும் அதனுள் அடங்கும். இச்சட்டம் வந்தபின் புரோபோ முதலிய தளங்கள் பண ஆட்டங்களை நிறுத்தின. ஆவணியில் நாம் வினவியபோது, இணையத்தில் தேடாது தன் நினைவிலிருந்தே எழுதிய கருவி இச்சட்டத்தை அறியவே இல்லை. ஆகவே வினவும்போது ‘எந்த நாள் வரையிலான செய்தி?’ என்றும் கேட்க வேண்டும்.

பெயரன் ஒருநாள் நம்மை மடக்க எண்ணி, “நிகழ்தகவு என்பது நம் சியாத்வாதம் தானே, பாட்டி?” என்றான். கருவி சொல்லிக் கொடுத்தது போலும்! இதில் உண்மை இல்லாமல் இல்லை. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்த மகலனோபிஸ், 1954இல் எழுதிய கட்டுரையொன்றில் சியாத்வாதத்தின் எழுவகைக் கூற்றையும் புள்ளியியலின் அடிப்படையையும் ஒப்பிட்டுள்ளார். 1957இல் ஹால்டேனும் இதுபற்றி எழுதினார். ஆனால் ‘ஒருவகையில் உண்டு, ஒருவகையில் இல்லை’ என்பது நம் அறிவின் எல்லையை ஒப்புக்கொள்ளும் அடக்கம். பந்தயம் கட்டுவோன் அவ்வெல்லையிலேயே பிறன் பொருளைக் கவர நிற்கிறான். இருவரும் ஒரே கணக்கைப் போடலாம். போடும் நோக்கம் வேறு. பெயரன் இதை முழுதும் ஏற்றான் என்று சொல்ல மாட்டோம்.

இப்போது அவனிடம் ஒரு குறிப்பேடு உள்ளது. முதற் பத்தியில் நாம் கேட்ட வினா; இரண்டாம் பத்தியில் கருவியின் விடை; மூன்றாம் பத்தியில் அவ்விடையை எந்த நூலில், எந்த அரசிதழில், யாரிடம் சரிபார்த்தோம் என்னும் குறிப்பு. கட்டணத்தின் எஞ்சிய பகுதியை அவன் மாலை நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பித்துச் சேர்த்து வருகிறான். தந்தையிடம் உண்மையையும் தானே கூறிவிட்டான். குறிப்பேட்டின் ஒன்பதாம் வினாவிற்கு, படாபஜார் மழைப் பந்தயத்தைப் பற்றி ஒரு நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் கருவி தந்திருந்தது. நூலகங்களிலும் புத்தகக் கடைகளிலும் கேட்டுப் பார்த்தோம். அப்படியொரு நூல் கிடைக்கவில்லை. அதற்கு நேரே மூன்றாம் பத்தி இன்றும் வெறுமையாகவே உள்ளது.