கதை வரவில்லை, இதழ் காத்திருக்கலாமா?

கேள்வி: நண்பர்களோடு ஒரு காலாண்டுச் சிற்றிதழ் நடத்துகிறேன். கதை தருவதாக ஒப்புக்கொண்டவர்கள் கடைசி நேரத்தில் கையை விரிக்கிறார்கள். சன்மானம் தர வசதியில்லாததால் அழுத்திக் கேட்கவும் தயக்கம். என்ன செய்வது?

பதில்: சன்மானம் இல்லாவிட்டாலும் தேதி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ‘சீக்கிரம் அனுப்புங்கள்’ என்றால் யாரும் அனுப்பமாட்டார்கள். ‘10ஆம் தேதிக்குள்’ என்று சொல்லுங்கள். அது அச்சுக்குப் போகும் நாளுக்கு இரண்டு வாரம் முந்தையதாக இருக்கட்டும். இடையில் ஒருமுறை நினைவூட்டுங்கள். தேதி தாண்டினால், ‘அடுத்த இதழில் போடலாம், நிதானமாக எழுதுங்கள்’ என்று சொல்லிவிடுங்கள். உறவும் கெடாது, அவசரத்தில் முடித்த கதையும் வந்து சேராது.

கேட்காமல் வரும் கதைகளையும் ஒழுங்காகப் படியுங்கள். புதியவர்களின் இரண்டு கதைகளைத் தேர்ந்து, பிழை திருத்தி, எப்போதும் கைவசம் வைத்திருங்கள். அதை வெறும் இட்டுநிரப்பல் என்று நினைக்க வேண்டாம். சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ சிற்றிதழ், புதியவர்களுக்கு இடம் தந்துதான் புதுக்கவிதை வேரூன்ற உதவியது.

கைவசமும் எதுவும் இல்லையா? பக்கத்தைக் குறையுங்கள். அச்சில் ஒரு பாரம் பெரும்பாலும் 8 அல்லது 16 பக்கம். முழுப் பாரமாகக் குறைத்தால் வெற்றுப் பக்கம் விழாது, செலவும் குறையும். ஒரு கதைக்காக இதழையே நிறுத்திவைத்தால், சொன்ன தேதியில் எழுதிக் கொடுத்தவர்களையும் சந்தா கட்டியவர்களையும்தான் தண்டிக்கிறீர்கள்.