நூலின் பிறப்பிடம்

கீழ்க்காணும் கட்டுரையை வாசித்திடுக. பின்னர், தொடர்ந்து வரும் கேள்விகளுக்கு விடையளித்திடுக.

பின்னல் வேலைக்குப் பயன்படும் தடித்த நூலை நம் வீடுகளில் ‘உல்லன் நூல்’ என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். வாசலில் தொங்கும் தோரணம், மேசைமேல் விரிக்கும் விரிப்பு, பிறந்த குழந்தைக்குப் போடும் தொப்பி ஆகிய எல்லாவற்றையும் உல்லன் நூலால் செய்தவை என்றே கூறுவோம். ஆயினும், கடையில் விற்கும் நூற்கண்டைச் சுற்றியுள்ள தாளைப் படித்துப் பார்த்தால், பெரும்பாலும் ‘அக்ரிலிக் 100%’ என்றே அச்சிடப்பட்டிருக்கும். அக்ரிலிக் என்பது பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் வேதிப்பொருளால் ஆன செயற்கை இழை. ஆட்டுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பெயர் மட்டும் ஆட்டு ரோமத்தின் பெயராக நிலைத்துவிட்டது.

ஒரு நூல் எங்கிருந்து வருகிறது என்னும் கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால், அந்தக் கேள்விக்குள் மேலும் மூன்று கேள்விகள் அடங்கியுள்ளன. அந்த நூலுக்காக ஏதேனும் உயிர் துன்புற்றதா? நிலத்துக்கும் நீருக்கும் கேடு விளைந்ததா? பயன்படுத்தி முடித்தபின் அது எங்கே போய்ச் சேரும்? இன்று உலகெங்கும் பின்னல் கலையில் ஈடுபட்டுள்ள பலர், இக்கேள்விகளைக் கேட்ட பின்னரே நூலைத் தேர்ந்தெடுக்கின்றனர்.

உயிர்களிடமிருந்து பெறும் நூல்

கம்பளி நூல் ஆட்டின் ரோமத்திலிருந்து கிடைக்கிறது. ரோமத்தைக் கத்தரிப்பதால் ஆடு இறப்பதில்லை. எனினும், ஆஸ்திரேலியாவில் மெரினோ ஆட்டுக்குட்டிகளின் பின்புறத் தோலைக் கீறி அகற்றும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. தோல் மடிப்புகளில் ஈக்கள் முட்டையிடுவதைத் தடுப்பதே இதன் நோக்கம். குட்டிகளுக்கு இது பெரும் வேதனையைத் தருவதால், நியூசிலாந்து 2018ஆம் ஆண்டு இவ்வழக்கத்தைத் தடை செய்தது.

பட்டின் கதை வேறு. பட்டுப்புழு தன்னைச் சுற்றி ஒரே இழையால் கூடு கட்டுகிறது. அவ்விழை ஏறத்தாழ 1,000 மீட்டர் வரை நீளக்கூடும். அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளியே வந்தால் இழை அறுந்துவிடும். ஆகவே, புழு உள்ளே இருக்கும்போதே கூட்டை வெந்நீரிலோ நீராவியிலோ இட்டுவிடுவர். 1990களின் தொடக்கத்தில், அப்போதைய இந்தியக் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமனின் துணைவியார் திருமதி ஜானகி, புழுவைக் கொல்லாமல் செய்த பட்டுச்சேலை கிடைக்குமா என்று வினவினாராம். அக்கேள்வி ஹைதராபாத்தைச் சேர்ந்த கைத்தறித் துறை அதிகாரி குசுமா ராஜய்யாவைச் சிந்திக்க வைத்தது. பூச்சி பறந்து சென்றபின் எஞ்சும் கூட்டிலிருந்து அவர் நூல் நூற்கச் செய்தார். இழை துண்டு துண்டாக இருப்பதால் பஞ்சைப் போல் நூற்க வேண்டும், பளபளப்பும் சற்றுக் குறையும், விலையும் கூடும். ஆயினும், ‘அகிம்சைப் பட்டு’ என்ற பெயரில் அது இன்று பலரால் விரும்பி வாங்கப்படுகிறது.

எருக்கு தரும் இழை

விலங்கின் துணையின்றிக் கம்பளியைப் போன்ற நூலைச் செய்ய முடியுமா? தமிழ்நாட்டில் ஆரோவில் வட்டாரத்தில் இயங்கும் ஃபாபோர்க் என்னும் நிறுவனம் இதற்கு எருக்கஞ்செடியில் விடை கண்டுள்ளது. சங்க இலக்கியத்தில் மடலேறத் துணிந்த தலைவன் சூடும் பூ எருக்கம்பூ. விநாயகர் சதுர்த்தியன்று நாம் பிள்ளையாருக்கு அணிவிக்கும் மாலையும் அதுவே. நீர்ப்பாசனமும் உரமும் பூச்சிமருந்தும் இல்லாமல் வறண்ட தரிசு நிலத்திலும் அச்செடி வளரும்.

எருக்கின் இழை உள்ளே வெற்றிடம் கொண்டது. அவ்வெற்றிடத்தில் காற்று தங்குவதால் வெப்பம் வெளியேறாமல் நிற்கிறது. இவ்வியல்பே அதற்குக் கம்பளியின் கதகதப்பைத் தருகிறது. ஆனால், இழை வழுவழுப்பானது. தனியே நூற்பது கடினம். எனவே, இயற்கை முறையில் விளைந்த பருத்தியுடன் அதைக் கலந்து நூலாக்குகின்றனர். இதற்கு ‘வேகனூல்’ என்று பெயரிட்டுள்ளனர். தமிழ்ச் சொல்லான ‘நூல்’ அப்பெயரில் ஒலிப்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

எருக்கை ஒடித்தால் பால் வடியும். கண்ணில் பட்டால் தீங்கு விளைவிக்கும் பால் அது. பால் வடியும் மரம் பேராக் மாநிலத் தமிழர்களுக்குப் புதிதன்று. 1877ஆம் ஆண்டு கோலகங்சாரில் நடப்பட்ட இரப்பர்க் கன்றுகளின் வழிவந்த தோட்டங்களில்தான் நம் முன்னோர் பால் வெட்டினர். அந்தப் பாலும் நூலாகிறது. காலுறையின் மேல்விளிம்பிலும் காற்சட்டையின் இடுப்புப் பட்டையிலும் உள்ள மீள்நூல் பலவற்றுக்குள் இரப்பர் இழை இருக்கிறது. அதுவும் தாவரம் தந்த இழையே.

பழையதிலிருந்து புதியது

தாவர இழை ஒரு வழி. ஏற்கெனவே உருவான துணியையே மீண்டும் நூலாக்குவது மற்றொரு வழி. இங்கிலாந்தின் பாட்லி நகரில் பெஞ்சமின் லா என்பவர் 1813ஆம் ஆண்டு பழைய கம்பளித் துணிகளைக் கிழித்து, இழை பிரித்து, மீண்டும் நூற்கும் முறையைத் தொடங்கினார். இன்று ஹரியானா மாநிலத்தின் பானிப்பட் நகரம் இத்தொழிலில் உலகப் புகழ் பெற்றுள்ளது. பல நாடுகளிலிருந்து கப்பலில் வரும் பழைய ஆடைகள் அங்கே பொத்தானும் ஸிப்பும் நீக்கப்பட்டு, நிறவாரியாகப் பிரிக்கப்பட்டு, கிழிக்கப்பட்டுப் போர்வைகளுக்கான நூலாகின்றன.

பனியன் நகரம் எனப்படும் திருப்பூரில் ஆடைகளை வெட்டும்போது விழும் துண்டுகள் வீணாவதில்லை. அவற்றைச் சேகரித்து நிறம் பிரித்து மீண்டும் பஞ்சாக்கி, தமிழ்நாட்டின் மேற்கு மாவட்டங்களில் உள்ள நூற்பாலைகள் நூலாக்குகின்றன. நிறம் பிரிப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நீலத் துண்டுகளிலிருந்து நீல நூலே கிடைப்பதால் மீண்டும் சாயமேற்ற வேண்டியதில்லை. சாயக்கழிவால் நொய்யல் ஆறு மாசடைந்ததும், 2011ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் நினைவுகூரத்தக்கவை. சாயமின்றி நிறம் பெறும் நூலின் மதிப்பு அந்த ஆற்றங்கரை உழவர்களுக்கு நன்கு தெரியும்.

நெகிழிப் புட்டிகளும் நூலாகின்றன. அவற்றைக் கழுவி, சிறு செதில்களாக நறுக்கி, உருக்கி, நுண்துளைகள் வழியே பிழிந்தால் பாலியெஸ்டர் இழை கிடைக்கிறது.

குறையில்லாத நூல் உண்டா?

இவற்றுள் எது மிகச் சிறந்தது என்று ஒரே சொல்லில் தீர்ப்பளிக்க இயலாது. அக்ரிலிக் நூலுக்காக எந்த விலங்கும் துன்புறுவதில்லை. ஆனால், ஒவ்வொரு சலவையின்போதும் அதிலிருந்து நுண்ணிய நெகிழி இழைகள் உதிர்ந்து நீர்நிலைகளை அடைகின்றன. புட்டியிலிருந்து செய்த நூலும் அவ்வாறே உதிரும். மேலும், புட்டியை மீண்டும் புட்டியாக்கலாம். துணியாகிவிட்டால் அதை மறுபடி சுழற்சிக்குள் கொண்டுவருவது கடினம். பருத்தி இயற்கையானது, எனினும், ஒரு பருத்திச் சட்டைக்கு ஏறத்தாழ 2,700 லிட்டர் நீர் செலவாகிறது என்று மதிப்பிடப்படுகிறது. மூங்கில் நூல் எனப்படுவது பெரும்பாலும் மூங்கிற் கூழை வேதிப்பொருளில் கரைத்து எடுக்கப்படுவது. மறுசுழற்சிப் பருத்தியிலோ துணியைக் கிழிக்கும்போது இழை குட்டையாகிவிடுவதால் வலிமை குறைகிறது. அதனால், புதிய பஞ்சையோ பாலியெஸ்டரையோ சேர்க்க வேண்டியுள்ளது.

அப்படியானால் கேள்வி கேட்பதால் என்ன பயன்? கேட்பவரே பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்க முடியும். நம் நாட்டு வெயிலுக்குக் கம்பளியும் அக்ரிலிக்கும் ஏற்றவையல்ல. கேமரன் மலைக்குச் செல்லும் நாள்களைத் தவிர, பேராக்கில் அவற்றின் கதகதப்பு யாருக்கும் தேவைப்படுவதில்லை. அடிக்கடி துவைக்கும் பொருளுக்குப் பருத்தி நூல் தகும். துவைக்கத் தேவையில்லாத தோரணத்துக்கு வீட்டில் எஞ்சியிருக்கும் அக்ரிலிக் நூலே போதும். அதற்காகப் புதிதாக ஒன்றை வாங்க வேண்டியதில்லை.

தோட்டப்புறத்தின் பாடம்

மறுபயன்பாடு என்னும் சொல் பரவுவதற்கு முன்பே தோட்டப்புறப் பெண்கள் அதைச் செய்து வந்தனர். ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் துணி கிடைக்காமல் சாக்கை உடுத்திய தலைமுறையின் பிள்ளைகள் அவர்கள். கோதுமை மாவுத் துணிப்பை தலையணை உறையாயிற்று. பழைய சேலை குழந்தைக்குத் தொட்டிலாயிற்று. தொட்டில் நைந்தபின் கால்மிதியாயிற்று. அவர்கள் இதை ஒரு கொள்கையாகச் சொல்லவில்லை. வறுமையும் சிக்கனமும் கற்பித்த வழக்கம் அது. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது குடும்பங்கள் ஈப்போ போன்ற நகரங்களுக்குப் பெயர்ந்தன. மலிவு விலைச் சட்டைகள் குவிந்தன. கிழிந்ததைத் தைக்கும் கையும், கொக்கியூசியைப் பிடிக்கும் விரலும் மெல்ல ஓய்ந்தன. அந்தக் கைத்திறன் அறிந்த பாட்டிமார் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களிடம் கேட்டுக் கற்றுக்கொள்ள இதுவே தக்க தருணம்.

தொடங்குவதற்கு ஒரு பழைய டீ-சட்டை போதும். பக்கத் தையல் இல்லாத, உருளை வடிவில் பின்னப்பட்ட பருத்திச் சட்டையாக இருந்தால் நல்லது. அக்குளுக்குக் கீழே குறுக்காக வெட்டி, மேற்பகுதியையும் கீழ் மடிப்பையும் நீக்க வேண்டும். எஞ்சிய உருளையைச் சுருள் வடிவில், இரண்டரை சென்டிமீட்டர் அகலத்தில், அறுபடாமல் ஒரே நாடாவாக வெட்ட வேண்டும். பின்னர் நாடாவை இழுத்தால் அதன் ஓரங்கள் தாமே உட்சுருண்டு உருண்டையான நூலாகும். சட்டையின் சுற்றளவு 100 சென்டிமீட்டர், வெட்டும் பகுதியின் உயரம் 40 சென்டிமீட்டர் எனக் கொண்டால் பதினாறு சுற்றுகள் கிடைக்கும். அஃதாவது, ஏறத்தாழ 16 மீட்டர் நூல். இழுக்கும்போது அது இன்னும் சற்று நீளும். தடித்த கொக்கியூசியால் இதைப் பின்னிக் கால்மிதியும் கூடையும் பையும் செய்யலாம். சில சட்டைகளைச் சேர்த்தால் ஒரு கால்மிதி உருவாகிவிடும்.

எருக்கஞ்செடியிலிருந்து வந்தாலும், திருப்பூர்த் துண்டுகளிலிருந்து வந்தாலும், நம் அலமாரியின் அடித்தட்டிலிருந்து வந்தாலும் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பிறப்பிடம் உண்டு. நூற்கண்டைக் கையில் எடுக்கும்போது அதைச் சுற்றியுள்ள தாளை ஒருமுறை படியுங்கள். வாங்குவதற்குமுன் வீட்டில் இருப்பதை எண்ணிப் பாருங்கள்.

அருஞ்சொற்பொருள்

மடலேறுதல் – தலைவியைப் பெறுவதற்காகத் தலைவன் பனைமடலால் செய்த குதிரையில் ஊரறிய வருதல்
தரிசு – பயிரிடப்படாத நிலம்
மீள்நூல் – இழுத்து விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் நூல்
கொக்கியூசி – நுனியில் கொக்கியுடைய பின்னல் ஊசி

கருத்துணர்தல்

1. ‘உல்லன் நூல்’ என்னும் பெயர் ஏன் எப்போதும் பொருத்தமாக அமைவதில்லை?
2. எருக்கின் இழை கம்பளியைப் போல் கதகதப்பைத் தருவதற்கான காரணத்தை விளக்குக.
3. திருப்பூரில் துணித் துண்டுகளை நிறவாரியாகப் பிரிப்பதால் விளையும் நன்மை யாது?
4. ‘அவர்கள் இதை ஒரு கொள்கையாகச் சொல்லவில்லை.’ இவ்வரியின்வழி கட்டுரையாளர் தோட்டப்புறப் பெண்களைப் பற்றி உணர்த்துவது என்ன?
5. சுற்றளவு 90 சென்டிமீட்டரும் வெட்டும் பகுதியின் உயரம் 35 சென்டிமீட்டரும் உள்ள சட்டையிலிருந்து எத்தனை மீட்டர் நூல் கிடைக்கும்? கணக்கிடுக.
6. உமது வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ உள்ள மூத்தவர் ஒருவரிடம், பழைய துணிகளை முன்பு எவ்வாறெல்லாம் பயன்படுத்தினர் என்று கேட்டறிந்து, 100 சொற்களில் ஓர் அறிக்கை எழுதுக.